மென்காதல் நாவலை ரசித்துப் படித்து, பரிவோடு விமர்சிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் ஒரு காதல் நாவலைக் கொடுத்து விமர்சனம் எழுதச் சொன்னால், பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் வரும். ஒன்று, “அருமை, சூப்பர், அடுத்த கதை எப்போது?” என்ற ஒற்றை வரி. மற்றொன்று, முதல் அத்தியாயம் முதல் கடைசி அத்தியாயம் வரை ஒப்பித்துவிட்டு, முடிவில் “வழக்கமான கதைதான்” என்று ஒரு குட்டு. முதலாவதில் அன்பு இருக்கிறது, செய்தி இல்லை. இரண்டாவதில் உழைப்பு இருக்கிறது, அடுத்துப் படிக்கப்போகிறவருக்குப் பயன் இல்லை. எழுதுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றைத் தாண்டிக் குதிப்பதால்தான் இரண்டுமே நேர்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் சரிபாதி படிப்பதைப் பற்றியது.

மென்காதல் நாவல் என்று இங்கே சொல்வது, வீட்டில் யார் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைக்கத் தயங்காத காதல் நாவல்களை. படுக்கையறைக் கதவு வாசகருக்கு மூடியே இருக்கும். முடிவு மகிழ்ச்சியாக இருக்கும். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்கள், வார இதழ்த் தொடராக வந்து புத்தகமானவை, பிரதிலிபி போன்ற செயலிகளில் பகுதி பகுதியாக வருபவை, அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் நேரடியாக வெளியாகிறவை எல்லாம் இதில் அடங்கும்.

தொடங்குமுன் தேவையானவை

முழுதாக முடிந்த ஒரு கதை, ஒரு சின்ன நோட்டு, ஒட்டுச்சீட்டு சில. நூலகப் புத்தகமோ இரவல் புத்தகமோ என்றால் பென்சில் கோடுகூட வேண்டாம், ஒட்டுச்சீட்டே போதும். கிண்டிலில் வரிகளை நிறமிட்டுச் சேமிக்கும் வசதி இருக்கிறது. படித்து முடித்த அன்றைக்கே விமர்சனத்தைப் போட வேண்டும் என்ற அவசரம் மட்டும் கையில் இருக்கக் கூடாது.

1. உங்களுக்குப் பிடிக்கக்கூடிய கதையை எடுங்கள்

இந்த வகைக்குள்ளேயே பல கிளைகள் உண்டு. கட்டாயக் கல்யாணம், ஒப்பந்தத் திருமணம், முறைமாமன் - முறைப்பெண், முதலாளியும் ஊழியரும், பிரிந்து சேரும் தம்பதி, மறுமணம், கூட்டுக்குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசகர் கூட்டம் இருக்கிறது. கட்டாயக் கல்யாணக் கதை என்றாலே உங்களுக்கு எரிச்சல் வருமென்றால் அதை எடுக்காதீர்கள். எடுத்துப் படித்துவிட்டு இரண்டு நட்சத்திரம் கொடுத்தால், அந்த மதிப்பெண் உங்கள் விருப்பத்தைப் பற்றியதாக இருக்குமே தவிர, கதையைப் பற்றியதாக இருக்காது.

தேர்ந்தெடுக்கப் பின்னட்டையைவிட முதல் அத்தியாயம் நம்பகமானது. கிண்டிலில் நூலின் தொடக்கப் பகுதியை இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். சென்னைப் புத்தகக் காட்சியில் நின்றபடியே நாலு பக்கம் புரட்டினால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த நாலு பக்கத்தில் உரையாடல் காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். காதல் நாவலில் பாதிக்கு மேல் பேச்சுதான். பேச்சு ஒட்டவில்லை என்றால் பின்னால் ஒட்டுவது அரிது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதை முடிந்துவிட்டதா, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா? ஒரே குடும்பத்து அண்ணன் தம்பிகளின் கதைகள் வரிசையாக வரும்போது, இரண்டாவது நூலை முதலில் எடுத்துவிட்டு “யார் யாரென்றே புரியவில்லை” என்று எழுதுகிறவர்கள் ஏராளம். அது எழுத்தாளரின் குறை அல்ல.

2. முதல் வாசிப்பில் குறிப்பு எடுக்காதீர்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். விமர்சனம் எழுதப்போகிறோம் என்ற நினைப்போடு முதல் பக்கத்திலிருந்தே பிழை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அத்தியாயம் மூன்றில் நாயகி அணிந்த சேலை பச்சை, நான்கில் நீலம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாயகன் அவளைப் பார்த்து ஏன் பேச்சை நிறுத்தினான் என்பது அவர்களுக்குத் தப்பிவிடுகிறது.

காதல் நாவல் வாசகரின் மனநிலையை மெல்ல மெல்ல மாற்றி வேலை செய்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் எரிச்சலூட்டிய நாயகன் பதினைந்தில் பாவமாகத் தெரிய வேண்டும். அந்த மாற்றம் உங்களுக்குள் நடந்ததா இல்லையா என்பதே விமர்சனத்தின் மூலப்பொருள். பேனாவோடு உட்கார்ந்தால் அது நடக்கவே நடக்காது.

எனவே முதல் சுற்றில் சிரியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள், மாமியாரைத் திட்டுங்கள். எங்காவது புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகத் தோன்றினால், அல்லது தூக்கம் போனாலும் பரவாயில்லை என்று இன்னொரு அத்தியாயம் ஓட்டினால், அந்தப் பக்கத்தில் ஓர் ஒட்டுச்சீட்டு. அதில் எதுவும் எழுத வேண்டாம்.

3. கதை எந்த வடிவத்தில் முதலில் வந்தது என்று பாருங்கள்

இந்தப் படியைப் பழகிய வாசகர்கள்கூட விட்டுவிடுகிறார்கள். தொடராக வந்த கதையின் எலும்புக்கூடு வேறு. ஒவ்வொரு பகுதியும் முன்கதையை லேசாக நினைவூட்டித் தொடங்கும். முடியும்போது ஒரு கொக்கி போடும். கதவு தட்டப்படும், கைப்பேசி ஒலிக்கும், யாரோ “நில்!” என்பார்கள். ஒரு வாரம் காத்திருந்து படித்தவருக்கு அந்த நினைவூட்டல் உதவி. அதையே புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும் உங்களுக்கு, ஒரே செய்தி திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதாகத் தோன்றும்.

மாத நாவலின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. பக்க எண்ணிக்கை கட்டுப்பாடானது, அதனால் கடைசி மூன்று அத்தியாயங்கள் மூச்சிரைக்க ஓடும். வில்லன் ஒரு பக்கத்தில் மனம் திருந்துவான்.

இவற்றைக் குறையாகச் சொல்லக் கூடாது என்பதில்லை. “தொடராக வந்ததால் முன்கதை அடிக்கடி வருகிறது, தினம் இரண்டு அத்தியாயமாகப் படித்தால் உறுத்தாது” என்று எழுதினால் வாசகருக்கு வழி காட்டியதாகும். “சவ்வு மாதிரி இழுக்கிறார்” என்பதில் அந்த வழி இல்லை. தொடரைப் பாதியில் விமர்சிக்க நேர்ந்தால், எந்தப் பகுதிவரை படித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

4. மூன்று இடங்களுக்குத் திரும்பிப் போங்கள்

முடித்தபின் முழு நாவலையும் மறுபடி படிக்கத் தேவையில்லை. மூன்று இடங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, இருவரும் சந்திக்கும் காட்சி. முடிவு தெரிந்தபின் படித்தால், பின்னால் வரப்போகிறவற்றின் விதைகளை எழுத்தாளர் அங்கேயே தூவியிருக்கிறாரா என்பது தெரியும்.

இரண்டாவது, ஒருவர் மனம் திரும்பும் இடம். இது பெரும்பாலும் கதையின் நடுவில், சத்தமில்லாத ஒரு காட்சியில் இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் மாமனாருக்குக் கஞ்சி வைப்பது, பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுப்பது போன்ற ஏதோ ஒன்று. காதலைச் சொல்லும் காட்சியை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். இந்தக் காட்சியைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் விமர்சகரின் வேலை. எழுத்தாளர் அதிகம் பாடுபட்டிருப்பதும் இங்கேதான். ஒருவரும் அதைக் குறிப்பிடாததால் வருந்துவதும் இதற்காகத்தான்.

மூன்றாவது, பிரிவு. இருவரும் ஏன் பிரிந்தார்கள், எது அவர்களைச் சேர்த்தது? ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய தவறான புரிதலா, அல்லது அவர்கள் சுபாவத்திலிருந்தே முளைத்த பிரிவா? இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையில் நாவலின் பலம் பெரிதும் தெரிந்துவிடும்.

5. ஓர் இரவு விட்டுவிடுங்கள்

முடித்த சூட்டில் எழுதினால் ஒன்று ஐந்து நட்சத்திரமும் ஆச்சரியக்குறிகளும் வரும், அல்லது கடைசி அத்தியாயத்தின் மேல் உள்ள கோபம் முழு நாவலின் மேலும் பாயும். மறுநாள் காலையில் எந்தக் காட்சி தானாக நினைவுக்கு வருகிறது என்று பாருங்கள். அதை ஒரு வரியில் எழுதுங்கள். விமர்சனத்தின் நடுப்பகுதி கிடைத்துவிட்டது.

6. கதை என்ன வாக்குக் கொடுத்தது என்று கேளுங்கள்

ஒவ்வொரு நாவலும் முதல் சில பக்கங்களிலேயே ஒரு வாக்குக் கொடுக்கிறது. “இது சிரிக்கவைக்கும் கதை”, “இது ஆறாத காயம் ஆறும் கதை”, “இது பெரிய குடும்பத்தின் கதை, காதல் அதன் நடுவே வரும்.” அந்த வாக்கை அது காப்பாற்றியதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கொடுக்காத வாக்கைக் கேட்டு வழக்காடுவது நியாயமில்லை. சமூக நாவலின் கூர்மையை மென்காதல் கதையில் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று எழுதுவது அந்த வகையைச் சேர்ந்தது.

“முடிவு முன்பே தெரிந்துவிட்டது” என்பதும் அப்படித்தான். மையத்தில் ஒரு காதல், நிறைவும் நம்பிக்கையும் தரும் ஒரு முடிவு: அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு வகுத்த இலக்கணமே இந்த இரண்டுதான். முடிவு தெரியாமல் இருக்க வேண்டும் என்பவர் துப்பறியும் கதைக்குப் போகலாம். நமக்கு இது புதிதும் அல்ல. அகப்பாடல்களில் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று அதே மனிதர்கள், அதே காத்திருப்பு, அதே ஊடல். பாட்டுக்குப் பாட்டு புதிதாக இருப்பது அந்தச் சூழலில் கவிஞர் கண்ட ஒரு நுட்பம். காதல் நாவலிலும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதில்தான் எழுத்தாளரின் கை தெரியும்.

7. இந்த வரிசையில் எழுதுங்கள்

பத்துப் பன்னிரண்டு வரிகள் போதும். முதலில், இது எப்படிப்பட்ட கதை, யாருக்குப் பிடிக்கும். அடுத்து, நீங்கள் கண்டெடுத்த ஒரு காட்சி. பிறகு, நிறைவு தராத ஒன்று இருந்தால் அது. கடைசியில், படிக்கப்போகிறவருக்கு ஏதாவது தகவல் தேவையென்றால் அது. வரிசைக்குக் காரணம் உண்டு. பலர் முதல் இரண்டு வரியோடு நகர்ந்துவிடுவார்கள், அவர்களுக்கு வேண்டியது “இது எனக்கான கதையா?” என்பதற்கான பதில். குறையை முதலில் வைத்தால் அதற்குப் பின்னால் வரும் பாராட்டு ஆறுதல் பரிசுபோல ஒலிக்கும்.

கற்பனையான ஒரு நாவலை வைத்து எழுதிக் காட்டுகிறேன்:

“காரைக்குடியில் தையல்கடை நடத்தும் பெண், பூர்வீக வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்று பெங்களூரிலிருந்து வரும் இளைஞன். அவசரமே இல்லாத கதை. திருப்பங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு முதல் பாதி மெதுவாகத் தோன்றலாம். மனிதர்களோடு பழக நேரம் எடுத்துக்கொள்பவர்களுக்கு மிகவும் பிடிக்கும்.

மின்சாரம் போன ஓர் இரவு. விடிந்தால் முகூர்த்தம், அவள் கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி நிற்கிறான். கை வலித்து அவன் கையை மாற்றும்போதெல்லாம் ‘போதுங்க, நீங்க போய்ப் படுங்க’ என்கிறாள். கடைசிக் கொக்கிவரை அவன் நகரவில்லை. காதல் என்ற சொல்லே வராத அந்த அத்தியாயத்தில்தான் நான் இருவரையும் நம்பத் தொடங்கினேன்.

வீட்டைப் பற்றி அவன் எடுக்கும் முடிவு மட்டும் ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. அதுவரை அவன் மனத்தை இவ்வளவு நிதானமாகக் காட்டியவர், அந்த முடிவுக்கு அவன் வந்து சேர்ந்த வழியையும் காட்டியிருந்தால் இன்னும் மனம் நிறைந்திருக்கும். பெற்றோரை இழந்த துயரம் கதை நெடுக வருகிறது. அண்மையில் அப்படி யாரையேனும் இழந்தவர்கள் தெரிந்துகொண்டு எடுக்கலாம்.”

இதில் அவன் வீட்டை விற்றானா இல்லையா என்பது இல்லை. குறை சொல்லப்பட்டிருக்கிறது, கதை உடையவில்லை. பொதுவாக முதல் கால்பகுதியில் நடப்பதைத் தாராளமாகச் சொல்லலாம். அதற்குப் பின் நடப்பதில், நீங்கள் எடுத்துக்காட்டும் ஒரு காட்சியைத் தவிர வேறெதையும் திறக்காதீர்கள். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் 2015 முதல் படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்கில்தான் எழுத்தாளருக்குப் பணம் போகிறது. கதையை முழுக்க ஒப்பிக்கும் விமர்சனம் அந்தப் பக்கங்களைத் திறக்காமலே மூடிவிடக்கூடும்.

8. குறையைச் சொல்லும்போது

எழுத்துப்பிழைகளை விமர்சனத்தில் பட்டியலிடாதீர்கள். இணையத்தில் எழுதுபவர்களில் பலருக்குப் பதிப்பாசிரியர் கிடையாது. வீட்டு வேலைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கைப்பேசியிலேயே தட்டச்சு செய்கிறார்கள். “அவளை மனந்தான்” என்று இருப்பதை “மணந்தான்” என்று திருத்தச் சொல்லி, அத்தியாய எண்ணோடு தனிச்செய்தி அனுப்புங்கள். அன்றே திருத்திவிடுவார்கள். பொதுவில் போட்டால் பிழை திருத்தப்பட்ட பிறகும் உங்கள் வரி அங்கேயே நிற்கும். படிக்கவே முடியாத அளவுக்குப் பிழைகள் இருந்தால் மட்டும் ஒரே ஒரு வரி சொல்லலாம்.

குறை எதுவானாலும் கதையைப் பற்றிப் பேசுங்கள், எழுதியவரைப் பற்றி வேண்டாம். “அத்தைக்கு ஏன் இவ்வளவு வன்மம் என்பது கடைசிவரை தெரியவில்லை” என்பது கதை. “இவருக்கு வில்லி பாத்திரம் எழுதத் தெரியவில்லை” என்பது மனிதர். எத்தனை குறை கண்டாலும் கனமான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து விளக்குங்கள். ஏழு குறைகளை ஒரு வரிக்கு ஒன்றாக அடுக்கினால் எழுத்தாளருக்கு எதுவும் மனத்தில் நிற்காது, வலி மட்டுமே நிற்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நாயகன் அறைகிறான், மிரட்டுகிறான், வேண்டாம் என்ற பிறகும் தொடுகிறான், வேலைக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கிறான். அதையெல்லாம் காதலின் ஆழத்துக்குச் சான்றாகக் கதையே காட்டுகிறது என்றால், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மென்மையான கதை என்ற நம்பிக்கையில்தான் அம்மா படித்துவிட்டு மகளிடம் கொடுக்கிறாள். பரிவு எழுத்தாளருக்கு மட்டும் உரியதல்ல, அந்தப் பெண்ணுக்கும் உரியது.

இங்கே ஒரு வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். பாத்திரம் தவறு செய்வது வேறு, கதை அதை ஆமோதிப்பது வேறு. அவன் மன்னிப்புக் கேட்கிறானா? கதைக்குள் யாராவது அது தவறு என்கிறார்களா? அவளுக்குக் கோபப்பட இடம் கொடுக்கப்படுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் இப்படி எழுதலாம்: “ஆறாம் அத்தியாயத்தில் நாயகன் கைநீட்டுகிறான், அதற்கு அவன் வருந்துவதாகக் கதையில் இல்லை. எனக்கு அதன்பின் அவனை ஏற்க முடியவில்லை.” வசை வேண்டாம். நடந்தது, அது உங்களை என்ன செய்தது, அவ்வளவே. “கறுப்பாக இருந்தாலும் லட்சணம்” போன்ற வரிகளுக்கும் இதே முறைதான்.

9. நட்சத்திரத்தைக் கடைசியில் போடுங்கள்

விமர்சனத்தை எழுதி முடித்து, அதை நீங்களே படித்துவிட்டு மதிப்பெண் கொடுங்கள். முதலில் நட்சத்திரம் போட்டால் எழுத்து அதற்குச் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். புத்தகம் நைந்து வந்தது, மின்னூலில் எழுத்துரு உடைந்தது, செயலி திறக்கவில்லை என்பதற்கெல்லாம் கதையின் நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். அந்தப் புகார் விற்றவருக்குப் போக வேண்டியது. தோழி எழுதினாள் என்பதற்காக ஐந்து போடுவதும் தவறு. எழுத்தாளரின் நெருங்கிய உறவினர்களும் நண்பர்களும் விமர்சனம் எழுதுவதை அமேசான் ஏற்பதில்லை. இலவசப் பிரதி கிடைத்துப் படித்திருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

10. வெளியிடுமுன்னும் பின்னும்

வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தாளர் எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியத்தை இதே குரலில் சொல்வீர்களா? தயக்கம் வரும் வாக்கியத்தை மாற்றுங்கள். அதில் உள்ள கருத்தை நீக்க வேண்டியதில்லை. நாயகன், நாயகி பெயர்களைச் சரிபாருங்கள். பெயரை மாற்றி எழுதிவிட்டால், படிக்காமலே எழுதியதாக நினைப்பார்கள்.

எழுத்தாளர் நன்றி சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுத்தால் படித்துக்கொள்ளுங்கள், மறுவாதம் வேண்டாம். மற்ற வாசகர்கள் “எங்களுக்குப் பிடித்த கதையை இப்படிச் சொல்லிவிட்டீர்களே” என்று சண்டைக்கு வந்தால், “எனக்குத் தோன்றியது இது” என்ற ஒரு பதிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்னூல்களையும் செயலிக் கதைகளையும் வெளிவந்த பிறகும் திருத்த முடியும். நீங்கள் சுட்டிய இடத்தை எழுத்தாளர் மாற்றி எழுதிவிட்டார் என்று தெரிந்தால், அந்தப் பகுதியை மறுபடி படித்துவிட்டு விமர்சனத்தையும் திருத்துங்கள். பழைய வரியை எடுத்துவிட்டு, திருத்திய பதிப்பைப் படித்ததாக ஒரு வரி சேர்த்தால் போதும்.